விலாவலி

அந்த வருஷத்து மழை ஜூன் கடைசியில் பிடித்தது. ஜூலை பாதி போயும் விடவில்லை. மீன் சந்தையின் தகரக் கூரைக்குக் கீழே ஒருவருக்கொருவர் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டியிருந்தது. ஏலக்காரர் சாங் கத்தாமல் பேசி எங்கள் துறைமுகத்தில் யாரும் கேட்டதில்லை. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஏலம் முடிந்து சூப்புக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் பேசியது, எதிரே உப்புக் கானாங்கெளுத்திக் கடையில் மீன் கீறிக்கொண்டிருந்த யோன்ஹியின் காதில் விழாமல் போக வழியே இல்லை.

"கால் நடுவுல போகுதுப்பா பந்து. நான் நின்னிருந்தாக்கூட நிறுத்தியிருப்பேன். குனிய முடியாது, ஒத்துக்கிறேன். தொப்பையில பட்டாவது நின்னிருக்கும்ல?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு யாரோ எதிர்க்கடையைக் கண்ணால் காட்டியிருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் நின்றது. அதுதான் யோன்ஹிக்கு இன்னும் சுட்டது.

அவள் கணவன் தக்சூ நகரத்து பேஸ்பால் அணியில் ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையில் நிற்கிற ஆள். தரையோடு தெறித்து வருகிற பந்தில் பாதி அவன் பக்கம்தான் வரும். கண்ணைவிடக் காலும் இடுப்பும் வேலை செய்கிற இடம். பதினைந்து வருஷமாக அந்த இடத்தில் அவன்தான் நின்றான். இந்த வருஷம் முப்பத்தேழு முடிந்தது. வசந்தத்தில் தொடங்கிய ஆட்டங்களில் மட்டையும் சரியாகப் படவில்லை, முழங்காலும் மடங்கவில்லை. முந்தின நாள் சனிக்கிழமை, கடைசி இன்னிங்ஸில், ஒரு சாதாரணப் பந்து அவன் கையுறைக்குக் கீழே புகுந்து போய் ஆட்டத்தையும் கொண்டுபோய்விட்டது.

"மாத்துறதுன்னா மாத்திடணும்" என்றார் சாங், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டதாக நினைத்து. "வலை கிழிஞ்சா அன்னிக்கே மாத்துறவன் மீன்காரன். மீன் போனப்புறம் மாத்துறவன் மடையன்."

சூப்புக்கடை மால்ஜா பன்றி எலும்புச் சூப்பை அவர் கிண்ணத்தில் ஊற்றினாள். "புது வலையில மொத நாளே என்ன கிழிச்சீங்க நீங்க? ரெண்டு வருஷம் முன்னால வாங்கினீங்களே, முடிச்சு நிக்காம பாதி வாளை கடலுக்கே திரும்பிப் போச்சு. பழகினதுக்குன்னு ஒரு மதிப்பு இருக்குய்யா."

"பழக்கம் இருக்கு, கால் இல்லையே. அவர் பத்து வருஷம் நல்லா ஆடினார், நான் இல்லைன்னேனா? அன்னிக்குத் தின்ன சோத்துக்கு இன்னிக்கு ஏப்பம் விட முடியுமா? அதான் இரண்டாம் அணியில பையன் அடி அடின்னு அடிக்கிறானே. அவன் அம்மாவே அங்க உக்காந்திருக்கா, கேளு."

அவன் அம்மா உட்கார்ந்திருந்தது யோன்ஹியின் பக்கத்தில், தாழ்ந்த பிளாஸ்டிக் முக்காலியில். பெயர் போக்சுன். ஐம்பது தாண்டியவள். தக்சூவின் அம்மா காலத்திலிருந்தே அந்தக் கடையில் கூலிக்கு மீன் கீறுகிறாள். புருஷன் தென்கடலில் சூரை பிடிக்கிற கப்பலில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். ஒரே மகன் ஜிஹான். போன வருஷம்தான் பள்ளிக்கூடம் முடித்து அணியில் எடுத்தார்கள். அவனும் ஷார்ட்ஸ்டாப். மலைக்கு அந்தப் பக்கம் இரண்டாம் அணியின் மைதானத்தில், விடுதியில் இருந்தான்.

போக்சுன் தலையை நிமிர்த்தவில்லை. மீனின் முதுகில் கத்தியை இறக்கி, விரித்து, குடலை ஒரே இழுப்பில் வாளியில் போட்டாள். "அவர் கிடக்கார் கடைக்காரம்மா" என்றாள் மெதுவாக. "தண்ணி போட்டிருக்கார்."

"காலையிலயா?"

"நேத்துப் போட்டது."

யோன்ஹி சிரிக்க முயன்றாள். கழுவிய மீனின் வயிற்றில் ஒரு கை உப்பை வைத்துத் தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி ஜோடியாக அடுக்கினாள். அன்று வழக்கமாக வாங்குகிற உணவுக்கடைக்காரர்கள் வந்தார்கள், வாங்கினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர்கூட ஆட்டத்தைப் பற்றி எடுக்கவில்லை. நல்லபடி ஆடின நாட்களில் இதே ஆட்கள் மீனையே மறந்து பேசிக்கொண்டு நிற்பார்கள்.

பத்து மணிக்கு வீட்டுக்குப் போனாள். சந்தைக்குப் பின்னால் மேட்டில் இருந்த வீடு. தக்சூ எழுந்து, முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் சோறும் கடற்பாசிச் சூப்பும் ஒரு துண்டு பொரித்த மீனும் வைத்தாள். அவன் சூப்பில் சோற்றைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"சாப்பிடுங்க. மைதானத்துக்கு நேரமாகுது."

"இன்னிக்கு வெளியிலதான். உக்கார வச்சிட்டாங்க." சூப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "செவ்வாய்க்கிழமை ஜிஹானை மேல கூப்பிடுறாங்க. ஹ்வாங் அண்ணன் நேரா சொல்லல. உபகரணம் பாக்கிற பையன் சொன்னான், சட்டை தைக்கக் குடுத்தாச்சாம்."

ஹ்வாங் என்பது தலைமைப் பயிற்சியாளர். ஒரு காலத்தில் தக்சூவோடு ஒரே அறையில் தங்கி ஆடினவர்.

"அப்ப நீங்க?"

"கீழ போவேன். இரண்டாம் அணிக்கு." ஐஸ் பையை இன்னொரு பக்கம் திருப்பினான். "செப்டம்பர்ல ஆட்டமெல்லாம் முடியறப்ப வழியனுப்பு வைக்கிறதா பேச்சிருந்துச்சு. பூ குடுத்து, பாட்டுப் பாடி. கீழ போனவனைக் கூட்டிட்டு வந்து யாரும் பூ குடுக்கிறதில்ல. ஆகஸ்ட்ல ஒரு நாள் அணியை விட்டு எடுத்தவங்க பட்டியல்ல பேர் வரும், அவ்வளவுதான்."

"நீங்களா போய்க் கேட்டா என்ன?"

"என்னன்னு கேக்கிறது? பந்து காலுக்கு நடுவுல போகுது, இருந்தாலும் பூ குடுங்கன்னா?"

அவள் கிண்ணங்களை எடுத்து அடுக்கினாள். அவன் வெளியே போகும்போது தொப்பியை இழுத்துவிட்டு, முகமூடி போட்டு, சந்தை வழியாகப் போகாமல் மேட்டுக்குப் பின்புறப் படிகளில் இறங்கிப் போனதை ஜன்னலில் பார்த்தாள். அந்தச் சந்தையில் பிறந்து வளர்ந்தவன். ஈரப் படியில் முழங்காலை மடக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினான்.

அந்தப் பின்புறப் படிகள்தான் அவளை அப்படிச் செய்ய வைத்தன என்று பிற்பாடு அவளே சொன்னாள். யாரும் அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளும்தான்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லை. மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. போக்சுன் கத்திகளைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். யோன்ஹி பார்லித் தண்ணீர் இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை அவள் பக்கத்தில் வைத்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஜிஹானைச் செவ்வாய்க்கிழமை கூப்பிடுறாங்களாம்க்கா."

கத்தி கல்லின்மேல் நின்றது. போக்சுன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்ததும் அதை அவள் அவசரமாக மறைத்துக்கொண்டாள். "அப்படியா. எனக்கு ஒண்ணும் சொல்லல அவன்."

"அவனுக்கே நாளைக்குத்தான் சொல்லுவாங்க."

"பெரியவர்?"

"அவர் கீழ போவார்."

போக்சுன் கத்தியைத் துடைத்தாள். "சின்னப் பையன். அங்க போய் என்னத்தைக் கிழிக்கப் போறான். ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பிருவாங்க, பாருங்க."

"அனுப்ப மாட்டாங்கக்கா. அவன் நல்லா ஆடுவான்." யோன்ஹி கிளாஸைக் கையில் சுழற்றினாள். "அவனுக்கு இருபது வயசு. இன்னும் பதினஞ்சு வருஷம் இருக்கு. இவருக்கு ரெண்டு மாசம். செப்டம்பர் வரைக்கும் இருந்துட்டா மரியாதையா இறங்கிடுவார்."

"ஆமா."

"ரெண்டு மாசம் தள்ளினா ஜிஹானுக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது."

போக்சுன் இப்போது அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"விலாப்பக்கம் பிடிச்சிருக்குன்னு சொன்னாப் போதும்க்கா. மட்டை சுத்துறவங்களுக்கு அடிக்கடி வரும். எக்ஸ்ரே படத்துலகூடத் தெரியாதாம். வலிக்குதுன்னா ஓய்வுலதான் வைப்பாங்க." இதையெல்லாம் அவள் வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தாள் என்பது அவள் குரலிலேயே இருந்தது. "நான் கேக்கக் கூடாது. தெரியுது. வேற யார்கிட்டப் போய்க் கேப்பேன் நான்?"

போக்சுன் கத்தியைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க சொல்லி நான் எதுக்கு மாட்டேன்னிருக்கேன்."

யோன்ஹிக்கு அந்த நேரத்தில் அழுகை வந்தது. எழுந்து ஐஸ் பெட்டியைத் திறந்து, அன்று வந்ததில் நல்லதாக இரண்டு வாளை மீனை எடுத்து, தாளில் சுற்றி, போக்சுனின் பையில் வைத்தாள். வைத்த பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவளுக்குப் பட்டது. எடுத்துவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் போக்சுன், "எதுக்குங்க இதெல்லாம்" என்று சொல்லி, பையின் வாயை மடித்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஜிஹானின் பெயர் வரவில்லை. விலாத் தசையில் பிடிப்பு, மூன்று வாரம் ஓய்வு என்று போட்டிருந்தார்கள். தக்சூவே மறுபடி ஆட இறங்கினான். இரண்டு ஆட்டம் மழையில் நின்றது. நடந்த ஆட்டங்களில் அவன் நல்லபடியும் ஆடவில்லை, பெரிதாகக் கெடுக்கவும் இல்லை. ஒவ்வொரு முறை அவன் மட்டையோடு வரும்போதும் மூன்றாம் பேஸ் பக்கத்து இருக்கைகளிலிருந்து, "போதும்ணே, வீட்டுக்குப் போங்க" என்று ஒரு கூட்டம் ராகம் போட்டது. யோன்ஹி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஆட்டம் இல்லாத நாள். முழங்காலுக்கு வெந்நீர் வைத்தியம் செய்துகொள்ள தக்சூ இரண்டாம் அணியின் மைதானத்துக்குப் போனான். அங்கேயும் மழை. ஆட்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். தொட்டியிலிருந்து ஏறி உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்த கொட்டகையில் மட்டையில் பந்து படுகிற சத்தம் கேட்டது. சீராக, ஒன்றன்பின் ஒன்றாக. கனமான, சுத்தமான சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே அடிக்கிறவன் யாரோ பெரிய ஆள் என்று தெரியும்.

போய்ப் பார்த்தான். ஜிஹான் தனியாக, ரப்பர்க் குழாய்மேல் பந்தை வைத்து வலைக்குள் அடித்துக்கொண்டிருந்தான். முழு இடுப்பும் திரும்ப.

"விலா வலிக்கிறவன் அப்படிச் சுத்த முடியாதுடா."

பையன் மட்டையைக் கீழே போட்டுவிட்டான். திருடப் போய் அகப்பட்டவன் மாதிரி நின்றான்.

"யாரு சொல்லிக் குடுத்தா? மேல வர பயமா?"

"இல்லண்ணே."

"பின்ன?"

ஜிஹான் ஷூவைப் பார்த்தான். "அம்மா வந்து சொன்னாங்கண்ணே."

"உங்கம்மாவுக்கு என்ன தெரியும் விலாவைப் பத்தி?"

"அண்ணி கேட்டாங்களாம்."

கொட்டகையின் தகரத்தில் மழை அடித்தது. அப்போது தக்சூவுக்குக் கோபம் வந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவனுக்கு வந்தது கோபமில்லை, ஒரு நிம்மதி. இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது என்ற நிம்மதி. நெஞ்சுக்குள் அது இறங்கியதை அவனே பார்த்தான். அந்த நிம்மதியோடேதான் அவன் வாயிலிருந்து அடுத்த பேச்சு வந்தது.

"சரி. மட்டையை வை. யாராவது பாத்துடப் போறாங்க."

ஜிஹான் குனிந்து மட்டையை எடுத்து மூலையில் சாத்தினான். "சரிண்ணே" என்றான். அவன் முகத்தில் குறை எதுவும் இல்லை. பெரியவர் சொன்னால் செய்கிற பையனின் முகம். பஸ்ஸில் திரும்பி வருகிறபோது தக்சூவால் மறக்க முடியாமல் போனது அந்த முகம்தான்.

வீட்டில் அவன் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுவதும் விளையாடினான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆட்டம். அன்றுதான் மழை விட்டிருந்தது. எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள், ஓர் ஓட்டம் பின்னால். தக்சூவுக்குப் பதில் வேறொருவனை அனுப்பப் போவதாக எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஹ்வாங் பெஞ்சிலிருந்து எழுந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். தக்சூ உள்ளே தாழ்வாக வந்த பந்தை இடது பக்கக் கோட்டின் மேலேயே அறைந்தான். இரண்டு பேரும் ஓடி வந்து சேர, அணி முந்திவிட்டது. அவன் இரண்டாம் பேஸில் போய் விழுந்து, எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றபோது, வீட்டுக்குப் போகச் சொன்ன அதே இருக்கைகள் எழுந்து நின்று அவன் பெயரை வைத்துக் கட்டின பழைய பாட்டைப் பாடின. வேறு ஆட்டக்காரன் என்றால் தொப்பியை எடுத்திருப்பான். அவன் எடுக்கவில்லை. குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே இருந்தான். கூட்டத்துக்கு அது அடக்கம் என்று பட்டது. இன்னும் சத்தமாகப் பாடினார்கள்.

திங்கட்கிழமை காலை சந்தை வேறாக இருந்தது. ஏலக்காரர் சாங் ஏலம் முடிந்ததும் நேரே யோன்ஹியின் கடைக்கு வந்து, வேண்டாத இரண்டு ஜோடி மீனை வாங்கினார்.

"நான் எப்பவும் சொல்றதுதானம்மா. அனுபவம்னா அனுபவம். பழைய வலைதான் கைக்கு வரும்."

"ரெண்டு வாரம் முன்னால வேற மாதிரி கேட்டுச்சு" என்று எதிரிலிருந்து மால்ஜா கத்தினாள்.

"அது மழைச் சத்தம். உனக்குச் சரியாக் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். யோன்ஹியும் சிரித்தாள். அவர் போனதும் போக்சுன், மீன் செதில் ஒட்டிய ரப்பர்க் கையுறையைக் கழற்றி, யோன்ஹியின் முழங்கையைத் தொட்டாள்.

"நேத்து பெரியவர் நல்லா அடிச்சார் கடைக்காரம்மா. நான் பக்கத்து வீட்டுல போய்ப் பாத்தேன். கண்ணுல தண்ணி வந்திருச்சு." அவள் அதை மனசாரச் சொன்னாள். "நல்ல வேளை. நம்ம பண்ணினது வீண் போகல."

யோன்ஹி கத்தியை மேஜைமேல் வைத்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டாள்.

தக்சூ விழித்துத்தான் கிடந்தான். அவள் ஈரக் காலணியோடு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்குத் தெரியும்."

"நான் சொல்ல வந்தது..."

"ஜிஹான் சொல்லிட்டான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "எப்ப?"

"போன திங்கட்கிழமை."

"அப்ப இந்த வாரம் பூரா... தெரிஞ்சுதான் ஆடினீங்களா?"

"ஆமா."

"என்கிட்ட ஏன் கேக்கல? ஒரு அறை விட்டுக் கேட்டிருக்கலாம்ல? நான் காத்துட்டு இருந்தேன். எப்பவாவது உங்களுக்குத் தெரிய வரும், திட்டுவீங்க, ஓடிப் போய்ச் சரி பண்ணுவீங்கன்னு."

"கேட்டா நிறுத்த வேண்டி வரும்ல" என்றான் தக்சூ. "அதனாலதான் கேக்கல."

அவன் எழுந்து சுவரில் சாய்ந்தான்.

"நீ கேட்டது எனக்காக. நான் பண்ணினது? அந்தப் பையன்கிட்ட மட்டையை ஒளிச்சு வைன்னு சொல்லிட்டு வந்தேன். என் வாயாலயே சொன்னேன். நேத்து அவங்க பாடினாங்களே, அப்ப எனக்கு அவன் ஞாபகம்தான். விடுதியில உக்காந்து டிவியில பாத்துக் கை தட்டியிருப்பான். அப்படிப்பட்ட பையன் அவன்."

"நான் போய் ஹ்வாங் அண்ணன் காலைப் பிடிச்சு எல்லாம் சொல்லிடுறேன்."

"நீ எங்கயும் போகாத. இன்னொரு தடவை எனக்காக எங்கயும் போகாத." கடுமையாகத்தான் சொன்னான். பிறகு அவனே எழுந்து போய் அவளுடைய ஈரக் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

அன்று மத்தியானமே ஹ்வாங்கைப் போய்ப் பார்த்தான். பயிற்சியாளர் தன் அறையில் தனியாக உட்கார்ந்து உடனடி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடா, நேத்து அடிச்ச அடிக்கு விருந்து வைக்க வந்தியா?"

"என்னைக் கீழ அனுப்பிடுங்கண்ணே. ஜிஹானைக் கூப்பிடுங்க."

ஹ்வாங் குச்சிகளை வைத்தார். "அவனுக்கு விலா."

"அவனுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அவங்கம்மா எங்க கடையில வேலை செய்யுறவங்க. மறுக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

மனைவியின் பெயரை அவன் எடுக்கவில்லை. ஹ்வாங் ஜன்னல் வழியாக, மைதானத்துக்கு மேல் விரித்திருந்த நீலத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு மறுபடி பெய்து அதில் தேங்கிய தண்ணீரை இரண்டு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லாம இருந்திருக்கலாம் நீ. எனக்குத் தெரியவே போறதில்ல."

"ஆமாண்ணே."

"பையனைத்தான் கேவலமா நெனச்சிட்டு இருந்தேன். மேல வரப் பயந்து சாக்கு சொல்றான், தேறமாட்டான்னு எழுதியே வச்சிட்டேன்." அவர் கிண்ணத்தைத் தள்ளினார். "எல்லாரும் என்னைக் கேக்கிறாங்க, பழைய ஆளை எப்ப இறக்கணும்னு. ஒரு வருஷம் முன்னால இறக்கினா நன்றி கெட்டவன். ஒரு வருஷம் பின்னால இறக்கினா முட்டாள். மே மாசமே உன்னை இறக்கியிருக்கணும். முகத்தைப் பாத்துச் சொல்ல வெக்கம். நீயா வந்து சொல்லுவேன்னு காத்துட்டு இருந்தேன். நான் அன்னிக்கே சொல்லியிருந்தா இது இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"உங்க தப்பு இல்லண்ணே."

"உன் தப்புதான். என் தப்பும் இருக்கு." பிறகு, "வழியனுப்பு கிடையாது தக்சூ. இதைத் தெரிஞ்சு வச்சிக்கிட்டு உன் கையில பூவைக் குடுக்க என்னால ஆகாது."

"வேண்டாம்ணே."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பையனுக்காக." நூடுல்ஸை மறுபடி பக்கத்தில் இழுத்தார். சாப்பிடவில்லை. "போ. அலமாரியைக் காலி பண்ணு."

தக்சூவுக்கு முழங்கால் தாங்கவில்லை, ஆட்டத்திலிருந்தே ஓய்வு கேட்டுக்கொண்டான் என்று மறுநாள் செய்தி வந்தது. போன வாரம் வரை கேலி செய்த ஊர், ஜெயித்துக் கொடுத்த கையோடு இறங்கியவன் என்று அவனைக் கொண்டாடியது. சந்தையில் ஒருவர் விடாமல் யோன்ஹியிடம் வந்து, மானஸ்தன், இறங்கத் தெரிந்து இறங்கினான் என்றார்கள். அவள் மீனைக் கொடுத்துச் சில்லறையைக் கொடுத்தாள்.

போக்சுன் அன்று வேலைக்கு வந்தாள். வழக்கம்போல் கீறினாள், கழுவினாள். சாயங்காலம் தன் கத்தியைத் தாளில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கத்தியை அவள் எப்போதும் கடையிலேயே வைத்துவிட்டுப் போவாள்.

"நாளையிலேருந்து கணவாய்க் கடையில வரச் சொல்லியிருக்காங்க கடைக்காரம்மா."

யோன்ஹி என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். "அங்க மையெல்லாம் கையில ஒட்டுமேக்கா" என்றாள்.

"கழுவினாப் போயிரும்" என்றாள் போக்சுன்.

கணவாய்க் கடை அதே வரிசையில், நான்கு கடை தள்ளி. தினமும் முகத்தில் முழிக்க வேண்டிய தூரம். ஆள் இல்லாததால் தக்சூவே ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கடையில் வந்து உட்கார்ந்தான். கத்தி பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. முதல் நாளே கட்டை விரலைக் கீறிக்கொண்டான்.

ஜிஹானின் முதல் ஆட்டம் சனிக்கிழமை, சூரியன் இறங்குகிற நேரத்தில். சூப்புக்கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் சந்தையே கூடியிருந்தது. கணவாய்க் கடையில் போக்சுன் முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலியான மேஜையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. மூன்றாவது இன்னிங்ஸில் பையனிடம் வந்த முதல் பந்து. ஒரு பக்கமாக விலகிப் போனது. ஓடிப் போய்ச் சேர்ந்து, குனிந்து எடுத்தான். எறியும்போது விரலில் வழுக்கி, முதல் பேஸ்காரனின் தலைக்கு மேல் பறந்து சுவரில் போய் மோதியது.

பெஞ்சில் எல்லோரும் முனகினார்கள். "இதுக்கு நம்ம தக்சூவே மேல்" என்றார் ஏலக்காரர் சாங். சொல்லிவிட்டு, ஆதரவு தேடுகிறவர் போல எதிர்க்கடையில் மீன் கீறிக்கொண்டிருந்த தக்சூவின் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி? அவசரப்பட்டு இறங்கிட்டே. பையன் இன்னும் பழுக்கல."

தக்சூ கையில் மீனோடு எழுந்து நின்றான். சந்தையே அவனைப் பார்த்தது.

"அவன் கால் வச்ச இடம் சரி" என்றான். "நான் அந்தப் பந்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கவே மாட்டேன். எடுக்காதவன் எப்படித் தப்பா எறிவான்? போன மாசம் எனக்கு வந்திருந்தா அது அப்படியே தாண்டிப் போயிருக்கும். நீங்களும் அது நல்ல அடின்னு சொல்லியிருப்பீங்க." கையிலிருந்த மீனைப் பலகையில் வைத்தான். "மே மாசத்துலயே அவன் அங்க நின்னிருக்கணும். நான்தான் விடல."

கடைசிச் சொல்லை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய மனசு என்று மால்ஜா மெச்சிக்கொண்டாள். அவன் உட்கார்ந்து மீனைக் கீறினான். காதுவரை சிவந்திருந்தது.

ஆறாவது இன்னிங்ஸில் ஜிஹான் ஒரு பந்தை வலது பக்கம் தட்டிவிட்டு முதல் பேஸுக்கு ஓடினான். அவ்வளவுதான் அன்று. அணி தோற்றது.

சந்தை கலைந்த பிறகு யோன்ஹி பொதுக்குழாயில் தட்டுகளைக் கழுவப் போனாள். போக்சுன் அங்கே கையில் ஒட்டிய மையைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தாள். யோன்ஹி தட்டுகளைக் கீழே வைத்தாள். இந்தத் தடவை தயங்கவில்லை.

"அக்கா. நான் உங்ககிட்டக் கேட்டது பாவம். மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாயில்ல."

போக்சுன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல கடைக்காரம்மா. நீங்க உங்க புருஷனுக்காகக் கேட்டீங்க. கேக்கிறது ஒரு நிமிஷம்." கையைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தாள். "நான் பஸ்ல உக்காந்து மலையைத் தாண்டிப் போனேன். ஒரு மணி நேரம். இறங்கித் திரும்பி வந்திருக்கலாம். வரல. விடுதி வாசல்ல நிக்க வச்சு, பெத்த பிள்ளைகிட்டச் சொன்னேன், வலிக்குதுன்னு சொல்லுடான்னு. அவன் ஏம்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அழுதுட்டு வந்திருப்பேன். அவன் கேக்கல. சரிம்மான்னான். எந்தப் பக்கம் வலிக்கணும்னு மட்டும் கேட்டான்."

யோன்ஹி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியல அது. இடதுன்னு சொன்னேன்." போக்சுன் கையை ஏப்ரனில் துடைத்தாள். "நீங்க குடுத்த வாளை மீனை முள்ளங்கி போட்டுச் சமைச்சுத் தூக்குல எடுத்துட்டுப் போயிருந்தேன். நல்லா இருக்கும்மான்னு தின்னான். உங்க கடையில உக்காந்தா எனக்கு அதுதான் ஞாபகம் வருது. வேற ஒண்ணுமில்ல."

அவள் தன் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். யோன்ஹி தட்டுகளைக் கழுவி முடித்துக் கடைக்கு வந்தாள். தக்சூ தரைக்குத் தண்ணீர் அடித்து, குடல் வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவளுக்காக நின்றுகொண்டிருந்தான். பின்புறப் படிகள் பக்கம் திரும்பினான். அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"சந்தை வழியாவே போலாம்."

"எல்லாரும் நின்னு நல்ல வார்த்தை சொல்லுவாங்க."

"சொல்லட்டும். கேட்டுட்டுப் போவோம்."

இருவரும் விளக்கு எரிகிற கடைகளின் நடுவே நடந்தார்கள். வழி நெடுக ஆட்கள் எழுந்து, அவன் தோளைத் தட்டி, கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் தலை குனிந்தான். கணவாய்க் கடை இருட்டாக இருந்தது. அதைத் தாண்டும்போது இருவருமே நடையைக் கூட்டினார்கள்.